நலம் விரும்பிக்கு ஒரு பதில்

உன் மகள் வந்துவிட்டுப் போய் இன்றோடு மூன்று நாள் ஆகிறது. அவள் கொடுத்துவிட்டுப் போன மூங்கில் குச்சி என் மேசை மேல் கிடக்கிறது. ஒரு சாணும் நாலு விரலும் நீளம். இரண்டு முனையும் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. நடுவில் சுற்றியிருந்த சிவப்பு டேப் போய்விட்டது, பசை மட்டும் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறது. உன் பீரோவில் புடவைகளுக்கு அடியில் எத்தனை வருடம் கிடந்ததோ தெரியவில்லை.

"ஆன்ட்டி, இதை மரக்காணத்துல உங்ககிட்ட நேர்ல குடுக்கணும்னு அம்மா சொல்லியிருந்தாங்க" என்றாள். நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. காபி போட உள்ளே போனேன்.

அவள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு பேசினாள். உன்னைப் போலவே, நின்றால் ஒரு காலில் சாய்ந்து நிற்கிறாள். "அம்மா உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாங்க. என்னைவிட நல்லா ஓடினவ, அவங்கப்பா படிக்காத மனுஷன், பொண்ணு டவுசர் போட்டு ஓடக் கூடாதுன்னு ஹாஸ்டலுக்கே வந்து இழுத்துட்டுப் போயிட்டாரு, அப்டீம்பாங்க. கேக்கவே பாவமா இருக்கும் ஆன்ட்டி."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன்.

எனக்கு நீ செய்ததை ஐம்பது வருடமாக எப்படியோ விழுங்கி வைத்திருந்தேன். ஆனால் என் அப்பாவை இந்தக் கோலத்தில் ஊர் ஊராக, வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்திருந்தாய் என்று தெரிந்ததும் தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். என் அப்பாவும் செத்தவர்தான். அவரைப் பற்றி நீ சொன்னாய் அல்லவா?

நாம் காலேஜில் சேர்ந்தபோது நான் ஓட்டக்காரி இல்லை. ஹாஸ்டலில் ஓடுகிற பெண்களுக்குத் தினம் ஒரு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் தனியாக உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் மைதானத்துக்கு வந்தேன். அதை நீ கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். "கொக்கு முட்டைக்காக வந்துச்சுடி!" என்பாய். கொக்கு என்று எனக்குப் பெயர் வைத்ததும் நீதான். உப்பளத்துக்காரி, நெட்டைக்காலி, வேறென்ன பெயர் வைப்பார்கள்? நீ கிளியனூர்க்காரி. உன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். உனக்கு ஸ்பைக் ஷூ இருந்தது, எனக்கு வெறுங்கால் இருந்தது. ஒரு வருடத்தில் வெறுங்கால் ஷூவை எட்டிப் பிடித்துவிட்டது.

நாம் நாலு பேர் ரிலே ஓடினோம். தெரசா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுப்பாள். எடுக்காத அன்று தோற்போம் என்று நமக்கே பயம் பிடித்துக்கொள்ளும். நசீமா ஓட்டம் முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய் முட்டையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது நீ, கடைசி நான். ஹாஸ்டலிலிருந்து டவுசருக்கு மேல் பாவாடை கட்டிக்கொண்டு நடப்போம். மைதானத்தில் பாவாடையை அவிழ்த்து வேப்பமரத்தடியில் நாலு குவியலாக வைப்போம். முடிந்ததும் அவரவர் குவியலுக்குள் நுழைந்துகொள்வோம். பி.டி. மேடத்துக்கு ஒரே பாட்டுதான்: "வாங்குறவ திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்புனா ரெண்டு அடி போச்சு." நான் முன்னால் பார்த்தபடி ஓடத் தொடங்குவேன். பின்னால் உன் மூச்சு நெருங்கும். "கை!" என்று ஒரு கத்து. கையைப் பின்னால் நீட்டுவேன். குச்சி வந்து உள்ளங்கையில் விழும். இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நீ தவறவிட்டதில்லை.

இந்தக் குச்சியை வெட்டிக் கொடுத்தது யார் என்று உன் மகளிடம் சொன்னாயா? ஒரு தை மாதம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். மழை விட்டுத் தண்ணீர் வடிந்து, உப்புப் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் நாட்கள். ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, கை கோத்துக்கொண்டு, ஒரே சீராகக் களிமண்ணை மிதிப்பார்கள். என் அம்மாவும் சித்திகளும் புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிச் சொருகிக்கொண்டு மிதித்ததை நீ வரப்பில் உட்கார்ந்து பார்த்தாய். உனக்கும் ஆசை வந்து இறங்கினாய். அரை மணியில் கால் எரிகிறது என்று ஏறிவிட்டாய். அம்மா உன் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். ரிலேக்குக் குச்சி வேண்டும் என்று நான் சொன்னதும், அப்பா உப்பு இழுக்கும் பலகையின் பழைய பிடியை எடுத்து அளவு கேட்டு வெட்டினார். கை கிழிக்காமல் இருக்கக் கண்ணாடித் துண்டால் சீவிச் சீவி வழித்தார்.

"இத்த ஒருத்தி கையிலேருந்து ஒருத்தி வாங்கிக்கினு ஓடணுமா? கீழ வுட்டுட்டா?" என்று கேட்டார்.

"தோத்துடுவோம்பா" என்றாய் நீ. என் அப்பாவை நீயும் அப்பா என்றுதான் கூப்பிட்டாய்.

"அப்ப வுடாதீங்க" என்று சிரித்தார். அன்றைக்கே அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்தது. தபால்காரர் கொண்டுவந்த ஒரு கார்டை என்னிடம் நீட்டி "இன்னான்னு படிம்மா" என்றார். நான் படித்தேன், அவர் தலையாட்டிக் கேட்டார். எங்கள் தெருவுக்கே நான்தான் கடிதம் படிப்பவள். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வருடம் பல்கலைக்கழகத் தேர்வு நடந்தது. வடக்கே நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு நம் ரிலே குழு அப்படியே தேர்வானது. இருநூறு மீட்டருக்கு ஒருத்திதான் போகலாம். அதை நான் உன்னை ஒரு மார்பளவு முந்தி ஜெயித்தேன். நீ ஓடி வந்து கட்டிக்கொண்டாய். "நீதாண்டி போவணும், நீதான்" என்றாய். உன் கண்ணீர் என் கழுத்தில் பட்டது. அது எதற்கான கண்ணீர் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. என் டவுசரின் ரப்பர் அன்று அறுந்துவிட்டிருந்தது. அம்மா எனக்குக் கொடுத்தனுப்பிய தன் பாவாடை நாடாவை ஓட்டத்துக்கு முன்னால் ஊக்கில் மாட்டி நீதான் கோத்து விட்டாய். மரத்துக்குப் பின்னால் நாம் இருவர் மட்டும் நின்றிருந்தோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை திரும்ப வேண்டும். ஞாயிறு அன்று கழிமுகப் பக்கம் கிளிஞ்சல் குத்திக் காலில் வெட்டு விழுந்ததால் இரண்டு நாள் தங்கினேன். செவ்வாய்க்கிழமை பாத்தி மிதிக்கிற இடத்துக்கே தபால்காரர் வந்தார். அப்பா சேற்றுக் கையை வேட்டியில் துடைத்து, நீல இன்லேண்டுக் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார். "படிம்மா" என்றார்.

பிரித்தேன். இடது கையால் எழுதியது போலக் கோணல் எழுத்து. இன்றைக்கும் அது மனப்பாடம்.

"ஐயா அவர்களுக்கு. உங்கள் மகள் கல்லூரியில் என்ன செய்கிறாள் என்று தெரியுமா? ஆண்கள் நூறு பேர் பார்க்க அரைக்கால் சட்டை போட்டு ஓடுகிறாள். அந்தச் சட்டையில் கோத்திருப்பது உங்கள் மனைவியின் பாவாடை நாடா. குடும்ப மானம் முக்கியம் என்றால் உடனே வந்து அழைத்துப் போகவும். இப்படிக்கு, நலம் விரும்பி."

நாடா என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் அப்போது ஹாஸ்டலுக்குத் திரும்பியிருப்பேன், கடிதத்தை வேறு யாராவது அப்பாவுக்குப் படித்துச் சொல்வார்கள் என்று நாள் பார்த்துத் தபாலில் போட்டிருந்தாய். காலில் வெட்டு விழும் என்று உனக்கெப்படித் தெரியும்?

அப்பா காத்துக்கொண்டு நின்றார். பின்னால் மிதிப்பவர்களின் கால் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாய் திறந்தேன். "காலேஜ்லேருந்துப்பா. பரீட்சை தேதி மாறியிருக்குதாம்."

"அதுக்கா இம்மாம் எழுத்து?" என்று எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ரூல்ஸுப்பா."

"சரி சரி, பத்தரமா வச்சிக்க" என்று போய் வரிசையில் சேர்ந்துகொண்டார். நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எழுத்தை வைத்துச் சொன்ன முதல் பொய் அது. கடிதத்தைப் பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்தால் என் ஓட்டம் போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

ஹாஸ்டலுக்கு வந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. நீயே வந்து சொல்வாய் என்று பைத்தியக்காரி மாதிரி காத்திருந்தேன். மறுநாள் மைதானத்தில் கையைப் பின்னால் நீட்டினேன். "கை!" என்றாய். குச்சி சரியாக வந்து விழுந்தது. அதுதான் எனக்கு எரிந்தது. உன் கை கொஞ்சமாவது தடுமாறியிருந்தால் அன்றைக்கே உன்னை மன்னித்திருப்பேன்.

பாவாடை கட்டிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்டாய்: "ஊர்லேருந்து லெட்டர் கிட்டர் ஏதாச்சும் வந்துச்சாடி?"

"இல்லியே. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

வந்தது என்று சொல்லியிருந்தால் நீ அதோடு நிறுத்தியிருப்பாய். கடிதம் போய்ச் சேரவில்லை என்று நினைத்து இரண்டாவது எழுதினாய். அது போனபோது படிப்பதற்கு நான் அங்கே இல்லை. அப்பா அதை உப்பளத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் நாற்பது பேர் முன்னால் உரக்கப் படித்தார். அதன் முதல் வரியே, "சென்ற வாரம் எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா தெரியவில்லை" என்றுதான் இருந்ததாம்.

ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார், காலில் மட்டும் களிமண் காய்ந்திருந்தது. நாம் இருவரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் கூப்பிட்டதும் நீயும் என்னோடு இறங்கி வந்தாய். ஒரு சொம்புத் தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாய். அந்தச் சாமர்த்தியத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இரு தாயி" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "பொங்கலுக்கு ஒரு லெட்டரு வந்துச்சே, அது எங்க?"

பெட்டியில்தான் வைத்திருந்தேன். போய் எடுத்து வந்தேன். "படி" என்றார். படித்தேன். இந்த முறை உள்ளதை உள்ளபடி படித்தேன். நாடா என்ற இடம் வந்தபோது நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ காலிச் சொம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்பா அதற்குச் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"டவுசருதானே? அதுக்கு இன்னா இப்போ? உங்கம்மா முட்டிக்கு மேல சொருவிக்கினுதான் மிதிக்கிறா. ஊரு பாக்குது. நான் ஏதாச்சும் கேட்டனா? நீ ஓடுறது எனக்குச் சந்தோசம்தாம்மா. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னுதானே மாத்திப் படிச்ச? வேற யாராச்சும் படிச்சா ஏமாத்துவாங்கன்னுதான் ஒன்னப் படிக்க வச்சேன்."

என் அம்மா முட்டிக்கு மேல் புடவையைச் சொருகி நின்றதை நீயும் பார்த்தாய், பிறந்ததிலிருந்து நானும் பார்த்தேன். ஆனாலும் டவுசர் என்றால் என் அப்பா குதிப்பார் என்று நீ நம்பினாய். வேடிக்கை, நானும் நம்பினேன். ஹாஸ்டலில் யாருடைய வெட்கத்தையோ படித்து வைத்திருந்தோம் நாம் இரண்டு பேரும். அன்றைக்கு வரப்பில் நான் உள்ளதைப் படித்திருந்தால் அவர் கடிதத்தைக் கிழித்துச் சேற்றில் போட்டு மிதித்திருப்பார். நான் ரயில் ஏறியிருப்பேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார். "யாரு எழுதுனதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

நீ நின்றுகொண்டிருந்தாய். அவர் குடித்த சொம்பு உன் கையில் இருந்தது. நீ சொல்வாய் என்று மறுபடியும் காத்திருந்தேன். பிறகு நானே சொன்னேன்: "தெரியலப்பா."

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் என்னைப் பொய்க்காரி என்று கண்டுபிடித்த மனிதரிடம், உன்னைக் காப்பாற்ற, இரண்டாவது பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதையும் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். "சரி. நீ போயி ஓடிட்டு வா. நான் தடுக்கல" என்று திரும்பி நடந்தார். இழுத்துக்கொண்டு போனார் என்றாயே, அவர் என் விரலைக்கூடத் தொடவில்லை. நான்தான் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டு வரை அவர் பின்னால் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரயிலுக்குப் போவலியா?" என்று ஒரு முறை கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

நீ போனாய். இருநூறு மீட்டரில் என் இடத்தில் ஓடி மூன்றாவதாக வந்தாய். அந்த மெடல் உனக்கு வேலை வாங்கித் தந்தது, வேலை வடக்கே கொண்டுபோனது. ரிலேயில் என் இடத்தில் ஓடிய பெண் குச்சியைத் தவறவிட்டாள் என்று தெரசா சொன்னாள். நான் திரும்பி வந்து படிப்பை முடித்தேன், மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. முட்டையும் பாலும் நின்றுபோயின. நீ அறையை மாற்றிக்கொண்டாய். கடைசி நாளில் வந்து, "இந்தக் குச்சிய நான் வச்சிக்கட்டுமா?" என்று கேட்டாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாய் என்று முட்டாள்தனமாக எழுந்து நின்றேன். வைத்துக்கொள் என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா இருபது வருடம் இருந்தார். என்னிடம் பாசத்துக்குக் குறைவில்லை. என் கல்யாணத்தை ஓடி ஓடிச் செய்தார். எனக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது உப்பளம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் ஒரு கடிதத்தையும் அவர் என்னிடம் நீட்டவில்லை. வீட்டில் நான் இருக்கும்போதே, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு நடப்பார். நான் டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். என் அப்பா தன் கடிதத்தை வேறொருவரிடம் கொடுத்துப் படித்துக்கொண்டார். நீ என்னிடமிருந்து எடுத்தது அது. மெடலை வைத்துக்கொள், அது எனக்குப் பெரிதில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் உன் மகளிடம் இவ்வளவும் சொல்ல நினைத்தேன். அடுப்பைத் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து அந்த இன்லேண்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும் ஆன்ட்டி. அம்மா எழுத்துச் சொல்லித் தரலை. நீங்களே படிச்சுக் காட்டுங்களேன்" என்று என்னிடமே நீட்டினாள்.

அவள் நீட்டிய விதத்தில் எனக்கு அப்பாவின் சேற்று விரல்கள்தான் தெரிந்தன. தாயைப் பறிகொடுத்த பெண். பரீட்சை தேதி மாறியது என்று சொன்னாலும் நம்பியிருப்பாள்.

ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, ஒன்றுவிடாமல் படித்தேன். "எங்கப்பா என்னை இழுத்துக்கினு போவலம்மா. ஓடுன்னுதான் சொன்னாரு. நான்தான் இத்த மாத்திப் படிச்சி அவர ஏமாத்திட்டேன். அந்த வெக்கத்துல நானே போவல. இனிமே யார்கிட்டயாச்சும் இந்தக் கதையச் சொன்னா இப்படிச் சொல்லு" என்றேன்.

அவள் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினாள். பிறகு அப்பா கேட்டதையே கேட்டாள். "யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன்.

குச்சியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, காபியைக் குடித்து முடித்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, அது இனி உன் பாடு, அவள் பாடு.

அவள் ஏறிய பஸ் போன பிறகும் சாலையில் நின்றுகொண்டிருந்தேன். பொய்யும் இல்லாமல், காட்டிக்கொடுப்பதும் இல்லாமல், மூன்றே சொல்லில் இப்படி ஒரு பதில் இருந்திருக்கிறது. அன்றைக்கு ஹாஸ்டல் கேட்டில் இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால், அடுத்த கடிதம் வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்.